ஷாங்காய் கனவும் துவாரகாவின் தண்ணீர் லாரியும்

புதுதில்லி, துவாரகா: ஐந்தாண்டுகளுக்கும் மேலாக நின்றுபோயிருந்த இந்திய - சீன நேரடி விமானப் போக்குவரத்து 2025 அக்டோபரில் மீண்டும் தொடங்கியது. முதலில் கொல்கத்தாவிலிருந்தும், அடுத்த மாதம் தில்லியிலிருந்தும் சீன நகரங்களுக்கு விமானங்கள் புறப்பட்டன. போனவர்கள் திரும்பி வரும்போது, காற்றின் திசையைப் பொறுத்து, விமானம் தரை தொடுவதற்குச் சற்று முன் ஜன்னலுக்குக் கீழே தெரிவது பல வேளைகளில் துவாரகாதான். வரிசை வரிசையாக அடுக்குமாடிக் குடியிருப்புகள், கோடு கிழித்ததுபோல் ஓடும் அகன்ற சாலைகள், தூண்களின் மேல் ஊர்ந்து செல்லும் மெட்ரோ ரயில். புறப்பட்ட ஊருக்கே திரும்பி வந்துவிட்டோமோ என்று ஒரு கணம் தோன்றினால் அதில் வியப்பில்லை.

தரையில் இறங்கியபின் அந்த எண்ணம் நீடிப்பதில்லை. சீன நகரங்களைப் பார்த்துவிட்டு வரும் இந்தியரின் பேச்சு ஏறக்குறைய ஒரே மாதிரியாகத்தான் இருக்கிறது. குப்பையில்லாத தெருக்கள், நாற்பது மாடிக் குடியிருப்புகள், இரண்டு மூன்று நிமிடங்களுக்கு ஒரு ரயில் என்று தொடங்கி, "நம்மால் ஏன் முடியவில்லை?" என்ற கேள்வியில் முடியும். அரசியல் தலைவர்களும் இதற்கு விலக்கல்ல. 2004ஆம் ஆண்டு பிரதமர் பொறுப்பேற்ற சில மாதங்களில் மும்பைக்குச் சென்ற மன்மோகன் சிங், ஷாங்காயை உலகம் மறக்கும் அளவுக்கு மும்பையை ஐந்தே ஆண்டுகளில் மாற்றிக் காட்ட வேண்டும் என்ற தமது கனவை வெளியிட்டார். 2011இல் பிகார் முதல்வர் நிதீஷ் குமாரும், அதே ஆண்டு நவம்பரில் அப்போதைய குஜராத் முதல்வர் நரேந்திர மோடியும் சீனா சென்று வந்தனர். அமராவதியைப் புதுத் தலைநகராக்கக் கிளம்பிய சந்திரபாபு நாயுடு 2015இல் சென்றார். ஐந்தாண்டுகள் பலமுறை கடந்துவிட்டன. மும்பையைப் பார்த்து எவரும் ஷாங்காயை மறந்ததாகத் தெரியவில்லை.

உண்மையில் ஷாங்காயுடன் ஒப்பிட வேண்டிய ஊர் மும்பையல்ல. மும்பையின் நிலம் தனியார், அறக்கட்டளை, ரயில்வே, துறைமுகம் என்று பல கைகளில் சிக்குண்டது. சீன நகரங்கள் எழுந்த விதத்தில், அதாவது விவசாய நிலத்தை அரசே கையகப்படுத்தி, அரசே வரைபடம் போட்டு, அரசே பங்கிட்டுக் கொடுத்து, இந்தியாவில் எழுந்த பெரிய குடியிருப்பு ஒன்றைப் பார்க்க வேண்டுமானால் தில்லியின் தென்மேற்கு மூலைக்குத்தான் வர வேண்டும்.

பப்பன்கலான் என்பது இந்த இடத்தின் பழைய திட்டப் பெயர். பாலம், ககரோலா, போச்சன்பூர், அம்பர்ஹாய், பக்டோலா, பர்த்தல் எனப் பல கிராமங்களின் வயல்களை எடுத்து, சுமார் 5,648 ஹெக்டேரில், பத்து லட்சம் பேர் வாழ்வதற்கென டிடிஏ எனப்படும் தில்லி வளர்ச்சி ஆணையம் வகுத்த துணை நகரம் இது. 1990இல் அறிவிக்கப்பட்ட தில்லி மாஸ்டர் பிளான் இதற்கு வடிவம் தந்தது. பின்னர் துவாரகா என்று பெயர் மாறியது. செக்டார் செக்டராகப் பிரிக்கப்பட்டு, நிலத்தின் பெரும்பகுதி கூட்டுறவு வீட்டுவசதிச் சங்கங்களுக்கு ஒதுக்கப்பட்டது. அமைச்சக ஊழியர்கள், ராணுவத்தினர், வங்கி ஊழியர்கள், வழக்கறிஞர்கள், ஆசிரியர்கள், பத்திரிகையாளர்கள் என்று ஆளுக்கொரு சங்கம். கரோல் பாகிலும் ராமகிருஷ்ணபுரத்திலும் அரசுக் குடியிருப்புகளிலும் வாடகை வீடுகளிலும் காலம் தள்ளிய தமிழ்க் குடும்பங்கள் பல, ஓய்வுபெறும் வேளையில் சொந்த வீடு என்று வந்து சேர்ந்த இடங்களில் துவாரகாவும் ஒன்று. விமான நிலையம் பக்கத்தில் இருப்பதால் கட்டட உயரத்துக்குக் கட்டுப்பாடு உண்டு. ஷாங்காயின் நாற்பது மாடி இங்கே வராது.

சங்க முறைக்கு ஒரு பெருமை உண்டு. உறுப்பினர்களே பணம் போட்டு, உறுப்பினர்களே கட்டடக் கலைஞரை அமர்த்தி, உறுப்பினர்களே கட்டி முடித்த வீடுகள் இவை. நடுவில் முதலாளி கிடையாது. ஆனால் நிலம் மலிவாகக் கிடைக்கும் இடத்தில் ஈக்கள் மொய்க்காமல் இருக்குமா? செயலிழந்துபோன சங்கங்களுக்குப் போலி உறுப்பினர் பட்டியலோடு உயிர் கொடுத்து, கூட்டுறவுச் சங்கப் பதிவாளர் அலுவலகத்தின் துணையுடன் சலுகை விலையில் மனை பெற்ற மோசடி வெளிச்சத்துக்கு வந்தது. 2005இல் தில்லி உயர் நீதிமன்றம் நூற்றுக்கும் மேற்பட்ட சங்கங்களின் மீது மத்தியப் புலனாய்வுக் குழு விசாரணைக்கு உத்தரவிட்டது. வழக்குகள் ஆண்டுக்கணக்கில் நடந்து, அதிகாரிகள் உள்பட பலர் தண்டிக்கப்பட்டனர்.

முதலில் ஆள், பிறகு தண்ணீர்

துவாரகாவின் கதையில் மோசடியைவிட முக்கியமானது வரிசை முறை. எது முதலில் வந்தது, எது பிறகு வந்தது என்பதே இந்த ஊரின் வரலாறு.

தொண்ணூறுகளின் இறுதியிலேயே வீடுகள் நிற்கத் தொடங்கிவிட்டன. பல வீடுகள் பூட்டியே கிடந்தன. காரணம், நகரத்துக்குப் போக வழியில்லை. தில்லி மெட்ரோவின் முதல் ரயில் 2002 டிசம்பரில் ஓடியது. துவாரகாவுக்கு அது வந்து சேர்ந்தது 2005 டிசம்பர் 31 அன்று. 2006 ஏப்ரலில் துணை நகருக்குள் நுழைந்து 9ஆம் செக்டார் வரை நீண்டது. 21ஆம் செக்டாரை எட்ட 2010 அக்டோபர் ஆயிற்று. மெட்ரோ வந்தபின்தான் பூட்டுகள் திறந்தன, வாடகையும் ஏறியது.

ரயிலாவது வந்தது. தண்ணீர்? பல ஆண்டுகள் துவாரகாவாசிகள் ஆழ்குழாய்க் கிணற்றையும் தண்ணீர் லாரியையும் நம்பி வாழ்ந்தனர். கோடைகாலத்தில் சங்கச் செயலாளரின் முதல் கடமை லாரிக்காரருக்கு போன் போடுவதாக இருந்தது. நாளொன்றுக்கு ஐந்து கோடி காலன் சுத்திகரிக்கும் நிலையம் துவாரகாவுக்கெனக் கட்டப்பட்டும் அதற்கு நீர் இல்லை. ஹரியாணாவின் முனாக்கிலிருந்து வரும் 102 கிலோமீட்டர் கான்கிரீட் வாய்க்கால் தில்லியின் பணத்தில் கட்டப்பட்டது. கட்டிய பிறகும், மிச்சமாகும் நீர் யாருக்கு என்ற தகராறு இரு மாநிலங்களிடையே நீண்டது. இறுதியில் 2015இல்தான் துவாரகா நிலையத்துக்கு நீர் வந்தது. காவிரியையும் தெலுங்கு கங்கையையும் அறிந்த தமிழக வாசகருக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

ஏறக்குறைய அதே வேளையில், 2014 டிசம்பரில், பெய்ஜிங்குக்கும் ஒரு வாய்க்கால் வழியே நீர் வந்தது. தெற்கே தான்ஜியாங்கோ அணையிலிருந்து 1,200 கிலோமீட்டருக்கும் மேல் ஓடி வரும் நீர் அது. தெற்கின் நீரை வடக்குக்குத் திருப்பும் சீனத் திட்டத்தின் நடுப் பாதை. 102 கிலோமீட்டர் எங்கே, 1,200 கிலோமீட்டர் எங்கே என்று பயணி கேட்கலாம். கேட்கத்தான் வேண்டும். ஆனால் அந்த அணையை உயர்த்துவதற்காக மூன்று லட்சத்துக்கும் மேற்பட்டோர் ஊர்விட்டு ஊர் மாற்றப்பட்டனர் என்பதையும் சேர்த்துக் கேட்க வேண்டும். துவாரகாவின் நீரை இரண்டு தேர்ந்தெடுக்கப்பட்ட அரசுகள் வாக்குவாதம் செய்து தாமதப்படுத்தின. பெய்ஜிங்கின் நீர் குறித்து வாக்குவாதம் செய்யவே எவருக்கும் இடமில்லை.

முனாக் நீர் வந்ததோடு கவலை தீர்ந்துவிடவில்லை. 2016 பிப்ரவரியில் ஜாட் சமூகத்தினரின் இடஒதுக்கீட்டுப் போராட்டத்தின்போது வாய்க்கால் உடைக்கப்பட்டு, தில்லி முழுவதும் குடிநீருக்குத் தவித்தது. ராணுவம் வந்து மதகை மீட்டது. 2024 ஜூலையில் பவானா அருகே கரை உடைந்து நீர் குடியிருப்புக்குள் புகுந்தது.

12ஆம் செக்டாரில் அடுக்குமாடிகளுக்கு நடுவே லோதி காலத்துப் படிக்கிணறு ஒன்று இருக்கிறது. லோகர்ஹேரி என்ற மறைந்துபோன கிராமத்தின் கிணறு அது. முட்புதருக்குள் கிடந்ததை அண்மை ஆண்டுகளில் சீரமைத்திருக்கிறார்கள். ஊர் அமைப்பதற்கு முன் நீரைத் தேடிய காலமும் இதே மண்ணில் இருந்திருக்கிறது. தில்லியில் நவீன நகரத் திட்டமிடல் தொடங்கியதே நீரினால்தான். 1955 - 56 குளிர்காலத்தில் யமுனையில் சாக்கடை கலந்து குடிநீர் வழியே மஞ்சள் காமாலை பரவி, ஏறக்குறைய முப்பதாயிரம் பேர் நோயில் விழுந்தனர். நாட்டின் தலைநகரிலேயே இந்த நிலையா என்ற அதிர்ச்சிக்கு நடுவேதான் நகரத் திட்டப் பணிகள் வேகம் பெற்றன. 1957இல் தில்லி வளர்ச்சிச் சட்டம் வந்தது, டிடிஏ பிறந்தது, 1962இல் முதல் மாஸ்டர் பிளான் நடைமுறைக்கு வந்தது. அப்படிப் பிறந்த ஆணையமே ஒரு துணை நகரைக் கட்டிவிட்டுத் தண்ணீருக்கு லாரியை அனுப்பியது.

மருத்துவமனையின் கதையும் இதுவே. வூஹானில் கொரோனா பரவியபோது ஆயிரம் படுக்கைகள் கொண்ட ஹுவோஷென்ஷான் மருத்துவமனை 2020 ஜனவரி 23 தொடங்கி பத்து நாள்களில் எழுப்பப்பட்டது. உலகமே தொலைக்காட்சியில் பார்த்தது. துவாரகா 9ஆம் செக்டாரில் ஆண்டுக்கணக்கில் கட்டப்பட்டு வந்த இந்திரா காந்தி அரசு மருத்துவமனை, 2021 மே மாதம் இரண்டாவது அலை தில்லியைச் சூறையாடிக் கொண்டிருந்தபோதுதான் தன் படுக்கைகளில் ஒரு பகுதியை அவசரமாகத் திறந்தது.

இன்றைய துவாரகாவைப் பார்க்கும் புதியவருக்கு இந்தப் பழங்கதை தெரியாது. 2023 செப்டம்பரில் பிரதமர் திறந்து வைத்த யசோபூமி மாநாட்டு மையம் 25ஆம் செக்டாரில் நிற்கிறது. விமான நிலைய விரைவு மெட்ரோ அதே நாளில் அங்கு வரை நீட்டிக்கப்பட்டது. துவாரகா விரைவுச் சாலையின் ஹரியாணா பகுதி 2024 மார்ச்சிலும், தில்லிப் பகுதி 2025 ஆகஸ்டிலும் திறக்கப்பட்டன. கிலோமீட்டருக்கு 18.2 கோடி ரூபாய் என்றிருந்த மதிப்பு 250 கோடி ரூபாயாக ஏறியது குறித்துத் தலைமைக் கணக்குத் தணிக்கையாளரின் 2023ஆம் ஆண்டு அறிக்கை கேள்வி எழுப்ப, மேம்பாலமும் சுரங்கமும் கொண்ட சாலையைச் சராசரி மதிப்போடு ஒப்பிடலாகாது என்று அமைச்சகம் பதிலளித்தது நாடாளுமன்றத்தைக் கவனிப்போருக்கு நினைவிருக்கும். மாநாட்டு மையத்துக்கு ரயில் முதல் நாளே வருகிறது. குடியிருப்புக்குத்தான் காத்திருக்க வேண்டியிருக்கிறது.

பயணி பார்க்காத பக்கம்

சீனத்தில் இந்த வரிசை தலைகீழ். ரயில் முதலில், கட்டடம் பிறகு, ஆள் கடைசியில். ஷாங்காய் மெட்ரோ தில்லிக்கு ஒன்பது ஆண்டுகள் முன்னதாக, 1993இல் தொடங்கியது; இன்று அதன் நீளம் 800 கிலோமீட்டரைத் தாண்டிவிட்டது. நொய்டா, குருகிராம் உள்பட தில்லி மெட்ரோ சுமார் 390 கிலோமீட்டர். இது குறைவான சாதனையல்ல. ஆயினும், 1978இல் நூற்றுக்குப் பதினெட்டுப் பேர் மட்டுமே நகரங்களில் வாழ்ந்த நாட்டில் 2024இல் 67 பேர் வாழ்கிறார்கள் என்றால், அத்தனை பேருக்கும் வீடும் குழாயும் ரயிலும் எங்கிருந்தோ வந்தாக வேண்டும். வந்திருக்கின்றன. இதை எவரும் மறுக்க முடியாது.

எங்கிருந்து வந்தன? நகர நிலம் முழுவதும் அரசுடைமை என்கிறது சீனாவின் 1982ஆம் ஆண்டு அரசியல் சட்டம். கிராம நிலம் கூட்டுடைமை. கிராம நிலத்தை எடுத்து நகர நிலமாக மாற்றும் அதிகாரம் அரசுக்கு மட்டுமே உண்டு. பழைய சட்டத்தில் இழப்பீடு, நிலத்தின் விளைச்சல் மதிப்பைக் கொண்டு கணக்கிடப்பட்டது. ஆண்டு விளைச்சலின் முப்பது மடங்கு என்பதே அதன் உச்சவரம்பு. 2019 திருத்தத்தில்தான் அது நீக்கப்பட்டது. விளைச்சல் விலைக்கு வாங்கி, மனை விலைக்கு விற்ற வித்தியாசத்தில் உள்ளாட்சிகள் சாலையும் சுரங்க ரயிலும் போட்டன. 1998இல் அரசு நிறுவனங்கள் ஊழியர்களுக்கு வீடு வழங்கும் முறை நிறுத்தப்பட்டதும், நாடே வீடு வாங்கக் கிளம்பியது. வாங்குவதும் நிரந்தர உரிமை அல்ல. குடியிருப்பு நிலத்துக்கு 70 ஆண்டு உரிமை. துவாரகாவாசிக்கு இது புதிதாகத் தோன்றாது. டிடிஏ நிலமும் அடிப்படையில் குத்தகை நிலமே. 1992 முதல் கட்டணம் செலுத்தி முழு உரிமையாக மாற்றிக் கொள்ளலாம் என்பதுதான் வேறுபாடு.

வீட்டுக்குள் நுழைந்து பார்த்த பயணிகளுக்கு வேறு வியப்புகளும் உண்டு. சீனத்தில் புது வீட்டைப் பெரும்பாலும் வெறும் சிமென்ட் கூடாகவே ஒப்படைப்பார்கள். தரை, குழாய், கதவு எல்லாம் வாங்குபவர் பொறுப்பு. வடக்கே பெய்ஜிங்கில் நகரமே சேர்ந்து வீடுகளுக்கு வெந்நீர்க் குழாயில் சூடேற்றும். ஷாங்காய் அந்தக் கோட்டுக்குத் தெற்கே இருப்பதால் அங்கே அந்த வசதி இல்லை. ஜனவரியில் ஷாங்காய் வீட்டுக்குள் கம்பளிச் சட்டையோடு உட்கார்ந்திருப்பவருக்கும் துவாரகாவில் ஹீட்டர் முன் உட்கார்ந்திருப்பவருக்கும் பெரிய வேறுபாடு இல்லை. மதில், வாயிற்காவலர், உள்ளே பூங்கா, பால்கனியில் காயும் துணி, எல்லாம் ஒன்றே. ஷாங்காய் விமான நிலையத்திலிருந்து காந்த விசையில் பறக்கும் ரயிலை எல்லோரும் புகழ்வார்கள். முப்பது கிலோமீட்டரைச் சில நிமிடங்களில் கடக்கும் அந்த ரயில், நகரின் மையத்துக்கு வராமல் புறநகர் நிலையம் ஒன்றில் நின்றுவிடுகிறது. பெட்டியைத் தூக்கிக்கொண்டு சாதாரண மெட்ரோவுக்கு மாற வேண்டும். இதைச் சொல்பவர்கள் குறைவு.

கட்டி முடிவதற்கு முன்பே முழு விலையையும் வாங்குபவரிடமிருந்து பெற்று, அதைக்கொண்டு அடுத்த மனையை ஏலம் எடுக்கும் வழக்கம்தான் சீனத்தில் பெரும் வீழ்ச்சிக்கு வழிவகுத்தது. 2020இல் அரசு கடன் கட்டுப்பாடுகளை இறுக்கியது. 2021இல் எவர்கிராண்ட் நிறுவனம் கடனைத் திருப்பித் தர முடியாமல் தடுமாறியது. அதன் மொத்தக் கடன்சுமை 30,000 கோடி டாலருக்கு மேல். 2022 கோடையில், பாதியில் நின்ற வீடுகளுக்குத் தவணை கட்ட மாட்டோம் என்று பல நகரங்களில் மக்கள் எழுதிக் கொடுத்தார்கள். ஜன்னல் இல்லாத, மின்சாரம் இல்லாத முடிவுபெறாத கட்டடங்களில் குடியேறியவர்களும் உண்டு. 2024 ஜனவரியில் எவர்கிராண்டைக் கலைக்க ஹாங்காங் நீதிமன்றம் உத்தரவிட்டது. "வீடு வாழ்வதற்கே, சூதாட்டத்துக்கு அல்ல" என்பது அந்த நாட்டுத் தலைமை 2016 முதல் திரும்பத் திரும்பச் சொல்லிவந்த கொள்கை என்பது குறிப்பிடத்தக்கது.

நமது பக்கமும் மெச்சும்படி இல்லை. யமுனைக்கு அக்கரையில் நொய்டாவில் அம்ரபாலி நிறுவனத்திடம் பணம் கட்டி ஏமாந்த பல்லாயிரம் குடும்பங்களுக்காக 2019 ஜூலையில் உச்ச நீதிமன்றமே தலையிட்டு, கட்டி முடிக்கும் பொறுப்பை அரசு நிறுவனமான என்பிசிசியிடம் ஒப்படைக்க நேர்ந்தது. வாங்குபவர் தரும் பணத்தில் 70 விழுக்காட்டைத் தனிக்கணக்கில் வைக்க வேண்டும் என்று 2016இல் நாடாளுமன்றம் சட்டம் இயற்றியது. பல குடும்பங்களுக்கு அது காலம் கடந்து வந்தது. இந்த வகையில் துவாரகாவின் கூட்டுறவுச் சங்கங்கள், அவற்றின் எல்லாக் குறைகளோடும், மேலான ஏற்பாடு என்றே சொல்ல வேண்டும்.

சிவப்புக் கோட்டுக்குள்

சீன நகரத்துக்கும் துவாரகாவுக்கும் உள்ள மிக நெருங்கிய ஒற்றுமை கோபுரங்களில் இல்லை. கோபுரங்களுக்கு நடுவே மிஞ்சிப்போன கிராமங்களில் இருக்கிறது.

வயலை எடுத்த அரசு குடியிருப்பு மனையை எடுக்கவில்லை. தில்லியில் 1908ஆம் ஆண்டு வருவாய் வரைபடத்தில் ஒவ்வொரு கிராமத்தின் குடியிருப்பையும் சுற்றிச் சிவப்பு மையால் கோடு போட்டார்கள். அதுவே லால் டோரா. அந்தக் கோட்டுக்குள் கட்டட விதிகளுக்கு நெடுங்காலம் விலக்கு இருந்தது. வயலை இழந்த விவசாயி கையிலிருந்த இழப்பீட்டைக் கொண்டு மாடிமேல் மாடி கட்டி வாடகைக்கு விட்டார். அம்பர்ஹாய், போச்சன்பூர், பக்டோலா என இன்றும் செக்டார்களின் நடுவே நிற்கும் கிராமங்களில் சந்துகள் அகலவில்லை; கட்டடங்கள் மட்டும் உயர்ந்தன. துவாரகாவின் சங்கங்களில் சமைப்பவர், பெருக்குபவர், காவல் நிற்பவர், கார் ஓட்டுபவர் வாழும் இடங்கள் இவையும் சுற்றியுள்ள அனுமதியற்ற குடியிருப்புகளும்தான். மாஸ்டர் பிளான் பத்து லட்சம் பேருக்கு இடம் ஒதுக்கியது. அந்தப் பத்து லட்சம் பேருக்கு வேலை செய்பவர்கள் எங்கே வாழ்வார்கள் என்பதற்குப் போதுமான இடம் அந்தத் தாளில் இல்லை.

ஷென்ஜெனில் நடந்ததும் இதுவே. 1980இல் சிறப்புப் பொருளாதார மண்டலமாக அறிவிக்கப்பட்டு, 2020 கணக்கெடுப்பில் ஒன்றே முக்கால் கோடி மக்களை எட்டிய அந்த நகரின் உள்ளே, வயலை இழந்த கிராமங்கள் தங்கள் மனைகளில் ஏழு, எட்டு மாடி எழுப்பின. ஒரு வீட்டு ஜன்னலிலிருந்து அடுத்த வீட்டுக்காரரோடு கைகுலுக்கலாம் என்பதால் "கைகுலுக்கும் கட்டடங்கள்" என்று அங்கே பெயர். ஆலைத் தொழிலாளி முதல் புதிதாக வேலைக்கு வந்த பொறியாளர் வரை தங்கியது அங்கேதான். லட்சத்துக்கும் மேற்பட்டோர் வாழ்ந்த பைஷிஜோ என்ற அத்தகைய கிராமம் 2019 முதல் காலி செய்யப்பட்டது. மனைக்காரர்களுக்குப் பெரும் இழப்பீடு கிடைத்தது. வாடகைக்கு இருந்தவர்கள் பெட்டியைக் கட்டினர்.

பெய்ஜிங்கில் 2017 நவம்பரில் தாசிங் பகுதிக் கட்டடம் ஒன்றில் தீப்பிடித்து 19 பேர் இறந்தனர். அடுத்த சில நாள்களில், பாதுகாப்பு என்ற பெயரில், கடுங்குளிரில் ஆயிரக்கணக்கான வெளியூர்த் தொழிலாளர்கள் அறைகளிலிருந்து வெளியேற்றப்பட்டனர். 1958 முதல் நடைமுறையில் உள்ள குடும்பப் பதிவு முறைப்படி அவர்கள் பெய்ஜிங்கில் வேலை செய்யலாம். ஆனால் பெய்ஜிங்வாசிகள் அல்லர். இவ்வாறு ஊர்விட்டு உழைக்கும் கிராமத்தவர் எண்ணிக்கை சீனத்தில் ஏறக்குறைய முப்பது கோடி. ஷாங்காயின் பளபளப்பைப் பார்த்துவரும் பயணியின் கண்ணில் சேரி படாததற்கு வீட்டுவசதி ஒரு காரணம். இந்தப் பதிவு முறை மற்றொரு காரணம்.

இந்தியாவில் எந்த ஊருக்கும் சென்று வாழ அரசியல் சட்டத்தின் 19ஆம் பிரிவு உரிமை தந்திருக்கிறது. சேலத்திலிருந்தோ கள்ளக்குறிச்சியிலிருந்தோ தில்லிக்கு வர எவர் அனுமதியும் வேண்டாம். வந்தபின் எங்கே தங்குவது என்பதற்குத்தான் பதிலில்லை.

நரேலாவின் பூட்டிய கதவுகள்

தில்லி ஜங்புராவில் பாராபுல்லா வாய்க்காலின் கரையில் மதராஸி கேம்ப் என்ற குடிசைப் பகுதி இருந்தது. பல பத்தாண்டுகளுக்கு முன் தமிழகத்திலிருந்து பிழைப்புத் தேடி வந்தவர்களும் அவர்கள் பிள்ளைகளும் வாழ்ந்த இடம். வாய்க்காலைத் தூர்வார வேண்டும் என்று தில்லி உயர் நீதிமன்றம் உத்தரவிட்டதைத் தொடர்ந்து, 2025 ஜூன் 1 அன்று 370 வீடுகள் இடிக்கப்பட்டன. அவற்றில் 189 குடும்பங்களே மாற்று வீட்டுக்குத் தகுதி பெற்றதாக அறிவிக்கப்பட்டது. ஏறக்குறைய பாதிப்பேருக்கு ஒன்றுமில்லை. சொந்த ஊர் திரும்ப விரும்புவோருக்கு உதவுவதாகத் தமிழக அரசு அறிவித்தது.

தகுதி பெற்றவர்களுக்கு வீடு எங்கே? நாற்பது கிலோமீட்டருக்கு அப்பால், தில்லியின் வடக்கு எல்லையில் உள்ள நரேலாவில். ஜங்புராவைச் சுற்றிய காலனிகளில் வீட்டுவேலை செய்துவந்த பெண்களுக்கும், லோதி எஸ்டேட்டில் உள்ள தமிழ்ப் பள்ளிக்கு நடந்துபோன பிள்ளைகளுக்கும் நரேலா வேறொரு ஊர்.

நரேலாவும் துவாரகாவைப்போல டிடிஏ வகுத்த துணை நகரமே. 2014இல் டிடிஏ 25,040 வீடுகளைக் குலுக்கலுக்கு விட்டபோது பத்து லட்சத்துக்கும் மேற்பட்டோர் விண்ணப்பித்தார்கள். அதிர்ஷ்டம் அடித்தவர்கள் போய்ப் பார்த்தார்கள். நரேலா, ரோகிணி, சிரஸ்பூர் ஓரங்களில் ஒற்றை அறை வீடுகள். பேருந்து அரிது, ரயில் இல்லை, தண்ணீர் பற்றாக்குறை. ஆயிரக்கணக்கானோர் சாவியே வேண்டாம் என்று திருப்பிக் கொடுத்தனர். 2017இல் டிடிஏ அறிவித்த பன்னிரண்டாயிரம் வீடுகளில் பெரும்பகுதி இவ்வாறு திரும்பி வந்தவையே. அதன்பிறகும் நரேலாவில் பல்லாயிரம் வீடுகள் விற்காமல் நின்றன. சீனத்தின் ஆளில்லாப் பேய் நகரங்களைப் பற்றி இங்கே கட்டுரை எழுதுவோர் அவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை. 1979ஆம் ஆண்டுத் திட்டத்தில் பெயர் பதிந்த 1.7 லட்சம் பேருக்கு வீடு தர இருபது ஆண்டுகளுக்கு மேல் எடுத்துக்கொண்ட அதே ஆணையம், வீடு இருந்தும் ஆள் வராத நிலைக்கு வந்து சேர்ந்தது.

இதே டிடிஏ 2023 - 24 குளிர்காலத்தில் துவாரகா 19பி செக்டாரில் மேல்மாடிச் சொகுசு வீடுகளை மின்னணு ஏலத்தில் விட்டது. தொடக்க விலையே ஐந்து கோடி ரூபாய். போட்டி போட்டு எடுத்தார்கள். துவாரகாவுக்கு ரயில் வந்துவிட்டது, தண்ணீர் வந்துவிட்டது என்பதைத் தவிர இதற்கு வேறு மந்திரம் இல்லை.

இதையெல்லாம் யாரிடம் கேட்பது? அரசியல் சட்டத்தின் 239ஏஏ பிரிவின்படி தில்லியின் நிலம் தில்லி சட்டமன்றத்தின் அதிகாரத்தில் இல்லை. டிடிஏயின் தலைவர் துணைநிலை ஆளுநர். அதன் அமைச்சகம் மத்திய வீட்டுவசதி, நகர்ப்புற அமைச்சகம். சென்னையில் அண்ணா நகரோ கே.கே. நகரோ உருவானபோது அதற்குப் பொறுப்பான அமைச்சர் தமிழக சட்டமன்றத்தில் பதில் சொன்னார். துவாரகாவின் குழாய்க்கும் நரேலாவின் பேருந்துக்கும் கேள்வி எழுப்ப, மக்களவையில் தில்லிக்கு இருப்பது ஏழே உறுப்பினர்கள். தண்ணீர் தில்லி குடிநீர் வாரியம், பேருந்து தில்லி அரசு, மெட்ரோ இரு அரசுகளின் கூட்டு, நிலம் டிடிஏ. ஷாங்காயில் இவை அனைத்தும் ஒரே கட்சிச் செயலாளரின் மேஜைக்கு வருகின்றன; அவரைக் கேள்வி கேட்க வாக்காளர் இல்லை. இங்கே வாக்காளர் இருக்கிறார். மேஜைதான் எது என்று தெரிவதில்லை.

2019 டிசம்பரில் தில்லியின் 1,700க்கும் மேற்பட்ட அனுமதியற்ற குடியிருப்புகளில் வாழ்வோருக்கு உரிமைப் பத்திரம் வழங்கும் சட்டத்தை நாடாளுமன்றம் நிறைவேற்றியபோது, எதிர்க்கட்சிகளும் ஆதரித்தன. சில வாரங்களில் தில்லியில் தேர்தல் இருந்தது. அந்தக் குடியிருப்புகளில் துவாரகாவைச் சுற்றியுள்ளவையும் அடக்கம். வாக்கு இருந்ததால் கிடைத்தது என்று ஏளனமாகச் சொல்வோர் உண்டு. பெய்ஜிங்கின் தாசிங்கில் இருந்தவர்களிடம் அந்த வாக்கும் இல்லை என்பதை அவர்கள் யோசிப்பதில்லை.

ரித்தாலாவிலிருந்து நரேலா வழியே ஹரியாணாவின் குண்ட்லி வரை 26 கிலோமீட்டர் மெட்ரோ தடத்துக்கு மத்திய அமைச்சரவை ஒப்புதல் அளித்தது 2024 டிசம்பரில். நரேலா வீட்டுச் சாவிகள் திருப்பித் தரப்படத் தொடங்கிப் பத்தாண்டுகள் ஆகியிருந்தன. மதராஸி கேம்ப் குடும்பங்கள் 2025 ஜூனில் அங்கே சென்றபோது அந்தத் தடத்தில் ரயில் இல்லை.